களவும் சிரிப்பும் சிறுவாடும்: ஒரு தொலைக்காட்சிப் படத்தை முன்வைத்து

2020 தீபாவளியன்று, நவம்பர் 14இல், 'நாங்க ரொம்ப பிஸி' என்கிற படம் சன் டிவியில் நேரடியாக வெளியானது. 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று இழுத்து முழங்கும் அந்தக் குரலைப் பல வருஷமாகக் கேட்டுப் பழகிய நமக்கு, திரைக்கே வராத ஒரு முழுநீளப் படம் பண்டிகைப் படமாக வீட்டுக்குள் வந்தது புதுசு. சுந்தர் சி. தயாரிப்பு, பத்ரி இயக்கம். பிரசன்னா, யோகி பாபு, அஸ்வின் நடித்தது. அதே வருஷம் பிப்ரவரியில் வந்த 'மாயாபஜார் 2016' என்ற கன்னடப் படத்தின் மறுஆக்கம். கொரோனா ஊரடங்கில் பூட்டிக் கிடந்த தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நான்கு நாள் முன்னால், நவம்பர் 10இல்தான், பாதி இருக்கைகளோடு திறந்திருந்தன. 'சூரரைப் போற்று'வும் 'மூக்குத்தி அம்மன்'னும் இணையத்துக்குப் போய்விட்டன. சந்தா கட்டாத வீடுகளுக்கு மிஞ்சியது இந்தப் படம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். படம் மோசமில்லை. ஞாபகத்தில் நிற்கும் படமும் இல்லை. பலகாரத் தட்டோடு உட்கார்ந்து பார்த்து, விளம்பர இடைவேளையில் எழுந்து போய், திரும்பி வரும்போது ஒன்றும் விட்டுப்போகாத படம். ஆனால் அது எடுத்துக்கொண்ட விஷயம் அப்படி விட்டுவிடக்கூடியதல்ல. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நாட்களில், கணக்கில் வராத பணத்தை வைத்துக்கொண்டு தவிப்பவர்களிடமிருந்து அதைக் கவரும் ஒரு சில்லறைக் கூட்டணியின் கதை இது. நாட்டின் புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்பால் 86 விழுக்காட்டை ஒரே அறிவிப்பில் காகிதமாக்கிய சம்பவத்தைத் தமிழ் வெகுசன சினிமா வேறு எந்த வழியிலும் தொடத் துணியாமல், களவு நகைச்சுவை வழியாகத் தொடுகிறது. அதுவும் சின்னத்திரையில்.

களவு நகைச்சுவை என்கிற வகைமைக்கு ஒரு இலக்கணம் உண்டு. பூட்டு இருக்கும், திட்டம் இருக்கும், திட்டம் கோணலாகும், கோணலுக்குள்ளிருந்து வேறொரு வழி திறக்கும். நமது சிரிப்பு திருடுகிறவர்கள் பக்கம் இருக்கும். எதற்காக? அந்தப் பெட்டி நம்முடையது இல்லை என்பதற்காக. ஆகவே இந்த வகைமையின் ஒவ்வொரு பிரதியும் ஒரு பெட்டியை உடைக்கும்போதே இன்னொரு பெட்டியைத் தொடாமல் விடுகிறது. எதைத் தொடவில்லை என்று பார்ப்பதுதான் வாசிப்பு என்று எனக்குப் படுகிறது.

'நாங்க ரொம்ப பிஸி'யில் பணம் எங்கே இருக்கிறது? கெட்டவர்களிடம் இருக்கிறது. இது தமிழ்த் திரையின் பழைய பூகோளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டி முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் வரைக்கும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய பங்களாக்களைக் காட்டியே எத்தனை வில்லன்களை நமக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். நீச்சல்குளம், வெள்ளைச் சோபா, பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். உள்ளே ஒரு அறையில் கட்டுக் கட்டாக நோட்டு. கறுப்புப் பணம் என்றால் அது ஒரு *இடத்தில்* குவிந்து கிடக்கும் *பொருள்* என்று நம்பவைத்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அரசின் 2016 சொல்லாடலும் இதே நம்பிக்கையின் மேல்தான் நின்றது: பதுக்கியவன் வங்கிக்குக் கொண்டு வர முடியாமல் மாட்டிக்கொள்வான், நோட்டு எரிந்தோ கிழிந்தோ போகும்.

நடந்தது வேறு. 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் ஆண்டறிக்கையில் கணக்குச் சொன்னது: செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது. 99.3 விழுக்காடு. அதாவது எரிக்கவும் கிழிக்கவும் பயந்து ஒளியவும் வேண்டிய மூட்டை எங்கேயும் இல்லை. இருந்த மூட்டைகள் ஆயிரம் கை மாறி, அடுத்தவர் கணக்கில் ஏறி, வெளுத்து உள்ளே போய்விட்டன. இந்தக் கணக்கு வெளிவந்து இரண்டு வருஷம் கழித்து எடுக்கப்பட்ட படம், இன்னமும் மூட்டையைத் தேடிப் போகிறது. இதை அறியாமை என்று சொல்லமாட்டேன். மூட்டை இல்லையென்றால் உடைக்கப் பெட்டி இல்லை, பெட்டி இல்லையென்றால் வகைமை இல்லை. வகைமையின் தேவையும் அரசின் கதையாடலும் ஒரே புள்ளியில் சந்தித்துக்கொள்கின்றன. இயக்குநர் யாருக்கும் பிரச்சாரம் செய்யவில்லை, ஆனால் பிரச்சாரம் நடந்துவிடுகிறது.

இதே 2016இல் நிஜமாகவே ஒரு கொள்ளை நடந்தது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணியாத அளவுக்கு நகைச்சுவையான கொள்ளை. ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து எழும்பூருக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸில் 342 கோடி ரூபாய் ஏற்றப்பட்டது. ஆயுதம் தாங்கிய போலீஸ் காவல் கூடவே வந்தது. சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையில், மின்கம்பி இல்லாமல் டீசல் இஞ்சின் இழுத்த பாதையில், கூரைமேல் ஏறிய சிலர் தகட்டை வெட்டி ஓர் ஆள் நுழையும் ஓட்டை போட்டு உள்ளே இறங்கினார்கள். 5.78 கோடி போனது. ஓட்டையோடு அந்த வண்டி விழுப்புரம் தாண்டி, விடிவதற்கு முன் செங்கல்பட்டு வந்து, கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி நகர்ந்து, தாம்பரம் வழியாக எழும்பூர் போய் நின்றது. அங்கேதான் தெரிந்தது. செங்கல்பட்டு நடைமேடையில் பால் கேனும் பூக்கூடையும் வைத்துக்கொண்டு முதல் மின்ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் முன்னால் வானத்தைப் பார்த்து வாய் பிளந்த கஜானா ஒன்று போயிருக்கிறது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூரையை யார் பார்க்கிறார்கள்?

இதில் இன்னும் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அந்த 342 கோடி வங்கிகளில் சேர்ந்த கிழிந்த, அழுக்கான, பழைய நோட்டு. ரிசர்வ் வங்கிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பாடையில் போனதைத்தான் இறக்கியிருக்கிறார்கள். இரண்டாவது, 2018 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள் கைதானபோது விசாரணையில் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது: திருடியதில் பெரும்பகுதியைச் செலவழிப்பதற்குள் நவம்பர் 8 வந்துவிட்டது. மூன்றே மாதம். கூரையை வெட்டி, ஓடும் வண்டியில் உயிரைப் பணயம் வைத்து எடுத்ததை, தொலைக்காட்சியில் ஒரு உரை வெற்றுத்தாளாக்கிவிட்டது. பெரிய கை சின்னக் கையிடமிருந்து அடித்துக்கொண்டு போவது களவு நகைச்சுவையின் உச்சக் காட்சி என்றால், இந்தியாவில் அது எடுக்கப்பட்டுவிட்டது, காமிரா இல்லாமல்.

'நாங்க ரொம்ப பிஸி' இந்தச் சிரிப்பின் அருகில் வந்து நின்று, உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறது. பணத்தைச் செல்லாததாக்கிய கை அதில் ஒரு பின்னணிச் செய்தி. வானிலை அறிவிப்பு மாதிரி. மழை பெய்கிறது, கதாபாத்திரங்கள் குடை தேடுகிறார்கள். மழையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ரயில் கொள்ளைச் செய்திகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிடிபட்டவர்களைப் பத்திரிகைகள் 'பார்தி கும்பல்' என்றே எழுதின. பார்தி என்பது ஒரு சமூகத்தின் பெயர். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறவியிலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்த சமூகங்களில் ஒன்று. சுதந்திரத்துக்குப் பின் சட்டம் போனது. பதிவேடு மனசுக்குள் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே களவு போனால் இருளர் குடிசையில் விசாரிப்பது ஒரு வழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே அவர்கள் நாகத்தின் விஷம் எடுப்பதைச் சுற்றுலாப் பயணிகள் கைதட்டிப் பார்ப்பார்கள். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த அதே சனத்தின் கைதான் அது. விருத்தாசலத்துக்குப் பக்கத்து முதனையில் 1993இல் நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டு போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். அவர் கதையை வைத்து எடுத்த 'ஜெய் பீம்' (2021) அவரை இருளராக்கியது. நான் சொல்ல வந்தது அந்த மாற்றத்தைப் பற்றியல்ல. திருட்டு எந்த உடம்பில் நகைச்சுவையாகிறது, எந்த உடம்பில் லாக்கப்பாகிறது என்பதைப் பற்றி. யோகி பாபு திருடினால் சிரிக்கிறோம், சரிதான், சிரிக்கத்தானே படம். ஆனால் திருடாமலேயே அடிபடுகிறவன் இருக்கும் மண்ணில் 'ஜாலியான திருடன்' என்ற பாத்திரம் ஒரு சலுகை. ஹாப்ஸ்பாம் எழுதிய 'நல்ல கொள்ளையன்' ஊர் சனத்தின் கோபத்திலிருந்து பிறந்தவன். நமது சின்னத்திரைத் திருடனுக்குக் கோபமே இல்லை, கடன்தான் இருக்கிறது.

அரசை விட்டுவிட்டுத் திருடனைப் பார்த்துச் சிரிப்பது நமது மரபு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த நரசிம்மவர்மனின் அப்பா, முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' ஒரு களவு நகைச்சுவை. சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்தது, நடப்பது காஞ்சிபுரத் தெருவில். குடித்துவிட்டு ஆடிக்கொண்டு வரும் கபாலிகன் ஒருவனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. காணாமல் போன பொருளைப் பாருங்கள்: மண்டையோடு! விலை போகாத, உள்ளே கொஞ்சம் சுட்ட இறைச்சி ஒட்டியிருந்த மண்டையோடு. வழியில் போகும் பௌத்தத் துறவியைப் பிடித்து 'நீதான் எடுத்தாய்' என்கிறான். பாசுபதன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் பாத்திரத்தைக் கொண்டு வருவது ஒரு பைத்தியக்காரன். எடுத்தது ஒரு நாய்.

நடுவில் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாமா என்ற பேச்சு வருகிறது. அப்போது கபாலிகனின் துணைவி சொல்வதன் சாரம்: வேண்டாம், இவனிடம் பல விகாரைகளின் வருமானம் இருக்கிறது, அதிகாரிகளின் வாயை நிரப்பிவிடுவான்; நம்மிடம் என்ன இருக்கிறது? எழுதியவன் அரசன். அந்த நீதிமன்றம் அவனுடையது. 'மத்தவிலாசன்' என்பது அவனுடைய விருதுப் பெயர்களிலேயே ஒன்று. தன் விருதையே கேலிக்கூத்தின் தலைப்பாக்கி, தன் அதிகாரிகள் லஞ்சம் வாங்குவார்கள் என்று மேடையில் பேசவைக்கிறான். இது அரசனின் பெருந்தன்மை என்றெல்லாம் நான் உருகப்போவதில்லை. சமணம், பௌத்தம், சைவம் என்று மதங்கள் மோதிய காலத்தில் எல்லாத் தரப்பையும் நோகடித்து மேலே உட்காருகிற தந்திரம் அதில் உண்டு. மேலிருந்து அனுமதிக்கப்பட்ட களியாட்டம்தான். பக்தின் சொல்கிற சந்தைச் சிரிப்பு அல்ல. ஆனாலும் அரண்மனைச் சிரிப்புக்குள்கூட நீதிமன்றம் வந்தது. 2020 தீபாவளிச் சிரிப்புக்குள் வரவில்லை.

மாமல்லபுரத்திலேயே, அர்ச்சுனன் தபசு என்று சிலரும் பகீரதன் தவம் என்று சிலரும் சொல்கிற அந்தப் பெரும்பாறையில், யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று கையைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் சுற்றி நிற்கின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். மேலே நிஜமான தவசி, கீழே மோசடித் தவசி, இரண்டு பேருக்கும் கை ஒரே மாதிரி. சிற்பி பூனையைக் கேலி செய்தானா, தவத்தையா? பதில் சொல்லாமல் உளியைக் கீழே வைத்திருக்கிறான். ஏமாற்றுக்காரனின் உடல்மொழி அதிகாரத்தின் உடல்மொழியை அப்படியே நகலெடுக்கிறது என்ற ஞானம் அந்தக் கல்லில் இருக்கிறது. தமிழ்த் திரையில் அது போலிச் சாமியார் வேஷத்தில் மட்டும் எஞ்சியது.

இங்கே 'காசேதான் கடவுளடா'வைச் (1972) சொல்லாமல் இருக்க முடியாது. சித்ராலயா கோபு எழுதி மேடையில் ஓடிய நாடகம், ஏவி.எம். படமானது. தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராகி வீட்டுக்குள் நுழைகிறார். திருடவேண்டிய பெட்டி யாருடையது? மனோரமா நடித்த சித்தியுடையது. வீட்டுப் பணத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் பெண்மணியின் இரும்புப் பெட்டி. அடுத்தவன் பங்களா அல்ல, நம்ம வீடு. பணம் என்பது குடும்பத்துக்குள் அதிகாரம். யார் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்று அந்தப் படம், தான் சொல்வது தெரியாமலேயே, சொல்லிவிட்டது. (சாவி வைத்திருக்கும் பெண்ணைக் கேலி செய்துதான் சொன்னது. அதை மன்னிக்கத் தேவையில்லை.) நான்கு வருஷம் கழித்து, 1976இல், மோகன் என்ற இளைஞர் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' மேடையேறி, ஆசிரியருக்கே 'கிரேசி' என்ற பட்டத்தைத் தந்தது. திருடர்களைப் பாலவாக்கத்துக்கு அனுப்பியது கவனத்துக்குரியது. அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம், பட்டணத்துக்கு வெளியே. மயிலாப்பூர் சபா ரசிகனுக்குத் திருடன் அங்கேதான் இருக்க முடியும். பின்னாளில் அதே சாலையில் பங்களா எழும்பி, திருடன் உட்கார்ந்த இடத்தில் வில்லன் வந்து உட்கார்ந்தான். கடற்கரை மாறவில்லை, நிலத்தின் விலை மாறியது.

இப்போது தொலைக்காட்சிக்கு வருகிறேன். ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதியபோது, அதில் தனித்தனி நிகழ்ச்சி என்று ஒன்று இல்லை, திட்டமிட்ட ஒரு ஓட்டம்தான் இருக்கிறது என்றார். நகைக்கடை விளம்பரம், படம், சோப்பு, படம், நகைக்கடை. பணத்தைத் திருடும் காட்சிக்கும் அட்சய திருதியை போன்ற அழைப்புக்கும் நடுவே வெட்டே கிடையாது. 2016 நவம்பர் 8 இரவு நகைக்கடைகள் நேரம் கழித்தும் திறந்திருந்ததையும் பழைய நோட்டு தங்கமானதையும் படித்தவர்களுக்கு இந்த ஓட்டத்தில் ஒரு விபரீதச் சிரிப்பு வரும். திரைக்குள் காட்டப்படாத பணமாற்றக் காட்சி விளம்பரத்தில் ஓடுகிறது.

ஆனால் எனக்கு முக்கியம் வேறு. இந்த ஓட்டத்தின் முன்னால் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். நெடுந்தொடர்களின் பார்வையாளர்கள். 2016இல் உண்மையாகவே கொள்ளை போனது அவர்களுடைய பெட்டி. சிறுவாடு என்று நம் மொழியில் ஒரு அருமையான சொல் இருக்கிறது. அரிசிப் பானைக்குள், மிளகாய்த்தூள் டப்பாவுக்குள், பட்டுப்புடவை மடிப்புக்குள், சாமிப்படத்துக்குப் பின்னால் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த பணம். குடிக்கிற கணவனிடமிருந்தும், பங்கு கேட்கும் மகனிடமிருந்தும் ஒளித்து வைத்தது. வருமான வரிக்குத் தெரியாது என்பது இரண்டாம் பட்சம், வீட்டுக்குத் தெரியாது என்பதுதான் அதன் பொருள். அந்த நவம்பரில் அதை வெளியே எடுத்தே தீரவேண்டியிருந்தது. எடுத்தால் 'எவ்வளவு வச்சிருந்தே?' என்ற கேள்வி. வங்கிக் கணக்கு இல்லாதவள் யாரிடம் கொடுத்து மாற்றுவாள்? எவனிடமிருந்து ஒளித்தாளோ அவனிடமே. கறுப்புப் பணம் வெள்ளையானதோ இல்லையோ, பெண்ணின் பணம் ஆணின் பணமானது.

இதில் சிரிப்பு இல்லையா? நிறைய இருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்ப வராமலிருக்க விரலில் தேர்தல் மை வைக்கச் சொன்னார்கள். ஒரு தடவைக்கு நாலாயிரம் என்றார்கள், நாலாயிரத்து ஐநூறு என்றார்கள், இரண்டாயிரம் என்றார்கள், பிறகு மாற்றவே முடியாது என்றார்கள், எல்லாம் பதினாறு நாளுக்குள். புது இரண்டாயிரம் நோட்டு ஏ.டி.எம். தட்டுக்குள் பொருந்தவில்லை. கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் பத்திரிகையைக் கொண்டு போய் வங்கியில் காட்டவேண்டியிருந்தது. ஒரு தேர்ந்த நகைச்சுவை எழுத்தாளன் இவ்வளவையும் ஒரே கதையில் வைத்தால் மிகை என்று அடித்துவிடுவான். செங்கல்பட்டில் ஒரு வங்கி வாசல், மாமல்லபுரத்தில் வாரக்கூலிக்குக் கல் செதுக்கும் பட்டறை, அரிசிப் பானைக்குள் இருபதாயிரத்தோடு ஒரு அம்மா, அவளுக்குத் தெரியாமல் அந்தப் பானையை மோப்பம் பிடித்த மருமகன். படத்துக்கு வேறென்ன வேண்டும்? பங்களாவே வேண்டாம். சினிமாப் படப்பிடிப்புக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த ஊரடங்குக் காலத்தில் ஒரு வீடு, நாலு பேர் போதுமென்பது வசதியும்கூட. சின்னத்திரைக்கென்றே எடுக்கிற படத்துக்கு வீடுதான் இயல்பான களம். பார்க்கிறவளும் அங்கேதான் இருக்கிறாள். தியேட்டரை நம்பி எடுத்தவன் இடைவேளைக்கு ஒரு கார் துரத்தல் வைக்கவேண்டும். இவர்களுக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை. ஆனாலும் தியேட்டர் படத்தின் சின்ன நகலைத்தான் எடுத்தார்கள். 2021 ஏப்ரலில் விஜய் டிவியில் நேரடியாக வந்த 'மண்டேலா' வேறு மாதிரி முடியும் என்று காட்டியது. ஒரு ஓட்டு, ஒரு மரம், ஒரு முடிதிருத்துபவர். அதற்குமேல் செலவில்லை, சிரிப்பு நேராக அதிகாரத்தின் மேலேயே விழுந்தது. அது களவுக்கதை இல்லைதான். ஆனால் ஊரே சேர்ந்து ஒருவனிடமிருந்து ஒரு ஓட்டைப் பறிக்கப் பார்க்கும் கதையை வேறு என்னவென்று சொல்வது?

2023 மே 19இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டையும் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. செல்லாது என்று சொல்லவில்லை, செப்டம்பர் கடைசிக்குள் கொண்டு வந்து கொடுங்கள் என்றது. அந்தக் கெடுவையும் ஒரு வாரம் நீட்டியது. இந்தத் தடவை வரிசை சின்னது. பெரிய நோட்டாகப் போட்டால் பானையில் இடம் குறைவாகப் பிடிக்கும் என்று நினைத்துச் சேர்த்து வைத்திருந்தவர்கள் மட்டும் மறுபடி கையை உள்ளே விட்டுத் துழாவவேண்டியிருந்தது.